ஓரகத்திக்கு வந்த ஜப்பான் சட்டை

எழுபதுகளின் கடைசியில் பெரம்பலூரில் எங்கள் தெருப் பெண்களுக்கெல்லாம் நான்தான் ரவிக்கை தைத்தேன். என் கொழுந்தனுக்கு அரியலூர்ப் பக்கம் சிமெண்டு ஆலையில் வேலை. அங்கே இயந்திரம் பூட்ட வந்திருந்த ஜப்பான் எஞ்சினியர் வீட்டில் கொழுந்தன் மனைவி, அதாவது என் ஓரகத்தி, சமையலுக்கு ஒத்தாசை செய்தாள். ஜப்பானுக்குக் கிளம்பும்போது அந்த எஞ்சினியரின் மனைவி தன் மேல்சட்டை ஒன்றை இவளுக்குக் கொடுத்துவிட்டாள்.

பொங்கலுக்கு அதைப் புடவைமேல் போட்டுக்கொண்டு வந்து இறங்கினாள். கருநீலம். பொத்தான் கிடையாது, நெஞ்சுக்கு நேரே ஒரு கயிறு. தொளதொளவென்று அகலமான கை. நம் சுங்குடிபோலத் துணியை முடிந்து சாயம் போட்டிருந்தார்கள். ஆனால் வெள்ளைப் பொட்டுகள் தண்ணீரில் கலைந்ததுபோல் ஓரம் மங்கியிருந்தன.

"சினிமாக்காரி கணக்கா இருக்கடி" என்றார் மாமியார். அவர் போட்டிருந்த ரவிக்கை நான் தைத்தது. என்னிடம் ஒருநாளும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"தொட்டுப் பாருங்கக்கா" என்றாள் ஓரகத்தி என்னிடம்.

"வேணாம், கையெல்லாம் எண்ணெய்" என்றேன். கையில் எண்ணெய் இல்லை.

அவள் குளிக்கப் போனதும் சட்டையைப் புரட்டிப் பார்த்தேன். எல்லாம் நேர்த்துண்டுகள். வெட்டில் ஒரு வளைவுகூட இல்லை. இதற்கா இத்தனை ஆட்டம் என்று வயிறு எரிந்தது.

அந்த மாதமே வெள்ளைத் துணி எடுத்து, புளியங்கொட்டைகளை உள்ளே வைத்து நூலால் இறுக்கிக் கட்டி, நீலச்சாயத்தில் கொதிக்கவிட்டேன். முதல் துணி திட்டுத்திட்டாகப் போயிற்று. அடுத்தது தேறியது. அடுப்படிக்குத் தோதாகக் கையைக் குறைத்தேன். கயிற்றுக்குப் பதில் கொக்கி. பக்கத்தில் ஒரு பாக்கெட். அரியலூரில் நடந்த ஒரு கல்யாணத்துக்கு அதைத்தான் போட்டுப் போனேன்.

ஓரகத்தி ஓடிவந்தாள். "அய்யோ, பாக்கெட்டெல்லாம் வச்சிருக்கீங்களேக்கா! இதான் நல்லாருக்கு."

அவள் முகத்தில் துளியாவது பொறாமை தெரிகிறதா என்று தேடினேன். இல்லை. அதுதான் இன்னும் சுட்டது.

பிறகு பெண்கள் தேடி வந்தார்கள். "அரியலூர்க்காரி போட்டிருக்குமே, அந்தச் சட்ட வேணுங்க" என்றார்கள். வெட்டு என்னுடையது, சாயம் என்னுடையது. பேர் மட்டும் அவளுக்கு.

ஒருநாள் அவளே அந்த ஜப்பான் சட்டையைக் கொண்டுவந்தாள். "கை கொழம்புல தோயுதுக்கா. ஒங்களுது மாதிரியே வெட்டித் தச்சுக் குடுங்க, அடுத்த வாரம் வந்து வாங்கிக்கிறேன்."

அவள் போனபின் கத்திரியை எடுத்தேன். துணியில் வைக்க மனம் வரவில்லை. கதவைச் சாத்திவிட்டு அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

எனக்கு அது எடுபடவில்லை. அவளுக்குத்தான் நன்றாக இருந்தது.