நெய்தல் ஏர்வேஸ் நீலம்

ஆவடிப் பக்கம் கோவில்பதாகை சித்ராவிடம் குடையோ குக்கரோ இரவல் வாங்கிப் போய்த் திருப்பித் தராவிட்டால் மறந்துவிடுவாள். அவள் பெயரை எடுத்துக்கொண்டு போனால் மட்டும் விடமாட்டாள். இது அம்பத்தூர் தினேஷுக்குத் தெரியாது, பாவம்.

ஆவடியில் நூர் முகமது பாயின் ஃபிளெக்ஸ் கடையில் அவள்தான் டிசைனர். மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, எல்லா பேனரும் அவள் கைதான். அதற்கு முன்னால் மீனம்பாக்கத்தில் நெய்தல் ஏர்வேஸ் கவுன்ட்டரில் நின்றவள். கம்பெனியை இழுத்து மூடினார்கள். விமானங்களுக்கு வெள்ளை அடித்து யார் யாரோ ஓட்டிக்கொண்டு போனார்கள். வாலில் இருந்த நீலப்பூ எங்குமே இல்லாமல் போனது அவளுக்குப் பொறுக்கவில்லை.

கணினியில் விமானம் ஓட்டும் விளையாட்டு ஒன்று உண்டு. அதிலுள்ள விமானத்துக்கு நாமே நிறம் பூசலாம், அதைப் பெயிண்ட் என்பார்கள். மூடிப்போன கம்பெனிகளின் பெயிண்டை மறுபடி வரைந்து சும்மா கொடுக்கவே ஒரு கூட்டம் இருக்கிறது. கூலி கிடையாது. போட்டவர் பெயர் கூடவே போகவேண்டும், அது ஒன்றுதான் அங்கே மரியாதை. பழைய போட்டோக்களில் அந்த நீலம் ஊதாவாகி இருந்தது. சித்ரா தன் யூனிஃபார்ம் ஸ்கார்ஃபின் ஓரத் தையலைப் பிரித்து, வெயில் படாத உள்மடிப்பைப் பார்த்து நிறத்தைப் பிடித்தாள்.

அந்தக் கூட்டத்தின் வாட்ஸ்அப் குரூப்புக்கு தினேஷ்தான் அட்மின். யூடியூப் லைவில் விமானம் ஓட்டிக் காட்டுபவன். சித்ரா வரைந்து குரூப்பில் போட்ட நெய்தல் பெயிண்டில் அவள் பெயரைத் தூக்கிவிட்டுத் தன் பெயரைப் போட்டு, அதைத் தன் சேனலில் விட்டான். சித்ரா போன் செய்து கேட்டாள்.

"இன்னாக்கா நீங்க. அது கம்பெனி கலரு. அதுல உங்களுது இன்னா கீது?" என்றான். அன்றே குரூப்பிலிருந்தும் அவளை நீக்கினான்.

சித்ரா அழவில்லை. வயிறு எரிந்தது. எரியட்டும் என்று விட்டுவைத்தாள்.

நெய்தலில் உடம்பெல்லாம் கோலம் போட்ட பொங்கல் விமானம் ஒன்று இருந்தது. எல்லோரும் தேடிக்கொண்டிருந்த பெயிண்ட் அது. சித்ரா அதைப் புள்ளி பிசகாமல் வரைந்து, தன் பெயரோடு ஒரு வெளிநாட்டுத் தளத்தில் போட்டாள். தினேஷ் சும்மா இருக்கமாட்டான் என்று தெரியும். இருக்கவும் இல்லை, அதையும் எடுத்துத் தன் பெயரைப் போட்டுக்கொண்டான்.

அந்த ரக விமானத்தின் வயிற்றுக் கதவுகள் சக்கரம் இறங்கும்போதும் ஏறும்போதும் மட்டும் திறக்கும். மற்ற நேரம் மூடியே கிடக்கும். தினேஷ் எதையும் தரையில் நிறுத்திவைத்துச் சுற்றிப் பார்ப்பவன். கதவின் உள்பக்கம் அவன் கண்ணில் படாது.

ஞாயிறு மத்தியானம் லைவ். கடைக் கணினியில் பாயும் கூட உட்கார்ந்து பார்த்தார்.

"இந்தக் கோலத்துல ஒவ்வொரு புள்ளியும் நானே வச்சது மச்சான்ஸ்," என்றான் தினேஷ்.

மதுரையில் கிளம்பும்போது விமானி அறையைக் காட்டிக்கொண்டிருந்ததால் கதவு திறந்தது யாருக்கும் தெரியவில்லை. ஆனால் ஊர் வந்ததும் கேமராவை வயிற்றுக்கு அடியில் வைப்பது அவன் வழக்கம்.

"பாருங்க, நம்ம பூந்தமல்லி மேல வந்துகினு கீறோம். சக்கரத்தை இறக்கறேன்."

கதவுகள் திறந்தன. ஒன்றில் கண்ணீர் அஞ்சலி என்று கொட்டை எழுத்து. இன்னொன்றில் கூலிங் கிளாஸோடு தினேஷின் போட்டோ, அதற்கு மாலை, கீழே "அடுத்தவர் உழைப்பிலேயே வளர்ந்த எங்கள் தினேஷ்". சித்ராவின் பெயர் எங்கும் இல்லை. சக்கரம் இறங்கியதும் கதவுகள் மூடிக்கொண்டன. உனக்கு நீயே பேனர் வைத்துக்கொண்டாயா தலைவா என்று பார்த்தவர்களின் கமென்ட், திரை முழுக்கச் சிரிப்பு. லைவ் அறுந்தது.

"உயிரோட கீறவனுக்கு இந்த பேனர் போடக்கூடாதும்மா," என்றார் பாய்.

"என்னை மட்டும் உயிரோடவா உட்டான் பாய்?"

தினேஷ் போன் செய்தான்.

"அக்கா, எங்கம்மா பாத்துட்டு அழுவுது. எடுத்துடுங்கக்கா."

அந்த அம்மாவை நினைத்துச் சித்ராவுக்குச் சங்கடமாக இருந்தது. இவனை நினைத்து இல்லை.

"ஒவ்வொரு புள்ளியும் நீ வச்சதுதானே. நீயே எடு."

"எனக்கு வரையத் தெரியாதுக்கா. நான் போடல."

"என்கிட்ட சொல்லி இன்னா பண்றது? லைவ்ல சொல்லு."

சாயங்காலம் சொன்னான். கோலமும் நீலமும் கோவில்பதாகை சித்ரா அக்கா போட்டது, நான் போடல. அவள் முன்னும் பின்னும் நகர்த்தி மூன்று தடவை கேட்டாள். பேனர் இல்லாத பெயிண்டையும் கோலம் வரைந்த அன்றைக்கே தயாராக வைத்திருந்தாள். அனுப்பச் சொல்லி அவன் கெஞ்சிக்கொண்டிருந்தான். மஞ்சள் நீராட்டு வேலை ஒன்று பாக்கி இருக்கிறது, முடித்துவிட்டு அனுப்புகிறேன் என்று பதில் போட்டுவிட்டு, டீ வாங்கிவரக் கிளம்பினாள்.