சித்தப்பா மிச்சம் விட்ட வயர்

அந்தப் பெட்டியின் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது வயர்களின் அழகுதான். கோலா சிலாங்கூரில் புதிதாகத் திறக்கவிருந்த ஒரு டயாலிசிஸ் நிலையம் அது. மின்சாரம் வந்து பல அறைகளுக்கும் பிரிந்து போகும் டிபி பெட்டிக்குள் ஒவ்வொரு வயரும் தலைவாரிப் பின்னியதுபோல் வரிசையாக இறங்கி, முனையில் ஒரு சுற்றுச் சுற்றி, தன் இடத்தில் போய் உட்கார்ந்திருந்தது. அந்தச் சுற்றைப் பார்த்தாலே எங்கள் பக்கத்து வயர்மேன்கள் சொல்லிவிடுவார்கள், இது என் சித்தப்பா செய்த வேலை என்று.

சித்தப்பா தோட்டத்தில் வயர்மேனாகத் தொடங்கியவர். தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளில் அந்தக் காலத்தில் மிச்சமே வைக்காமல் வயரை வெட்டியிருப்பார்களாம். பழுது வந்தால் இழுக்க நீளம் இருக்காது. ஒட்டுப்போட்டு டேப் சுற்றுவார்கள், அந்த ஒட்டு சூடேறிக் கருகும். அதைப் பார்த்துப் பார்த்து நொந்துபோனவர், தனியாகத் தொழில் தொடங்கியதும் எல்லா வயரிலும் ஒரு சுற்று மிச்சம் விட்டுத்தான் பெட்டியை மூடுவார். "நாளைக்கு எவனோ ஒருத்தன் வந்து தொறப்பான். அவனுக்கும் கொஞ்சம் வயர் வேணும்ல," என்பார். முகம் தெரியாத ஒருவனுக்காக இப்படி யோசிக்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

அந்த மரியாதையை அவர், இடியிலிருந்து இயந்திரங்களைக் காக்கப் பெட்டிக்குள் வைக்கும் சர்ஜ் அரெஸ்டரின் வயருக்கும் செய்திருந்தார். வினையே அங்கேதான் வந்தது. எங்கள் பக்கம் இடிக்குப் பஞ்சமில்லை. செகிஞ்சான் வயல்வெளியில் எங்கோ ஓர் இடி விழுந்தால் போதும், அக்கம்பக்கத்து மின்கம்பிகளில் அழுத்தம் கண்ணிமைப்பதற்குள் எகிறிவிடும். சாதாரண நேரத்தில் அரெஸ்டர் கதவடைத்த வீடு மாதிரி சும்மா இருக்கும். அழுத்தம் எகிறியதும் திறந்துகொண்டு, வந்ததைப் பூமிக்குள் தள்ளிவிட்டுத் திரும்பவும் மூடிக்கொள்ளும். அப்படித் தள்ளுவதற்கு அதன் வயர்கள் குட்டையாகவும் நேராகவும் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் சேர்த்து அரை மீட்டருக்குள் முடித்துவிடச் சொல்வார்கள். நீளமும் சுற்றும் கூடினால், அவ்வளவு வேகத்தில் வரும் மின்சாரத்தை வயரே மறித்துக்கொண்டு நிற்கும். மிச்ச அழுத்தம் இயந்திரங்களுக்குள் போய்விடும். மற்ற வயர்களில் நன்மை செய்கிற அந்தச் சுற்று இதில் மட்டும் ஆகாது.

நான் ரவாங்கில் மின்சாரச் சோதனை செய்யும் நிறுவனம் ஒன்றில் பொறியாளர். அன்று சோதிக்கப் போனது நான்தான். எர்த் அளவெடுத்தேன், நன்றாக இருந்தது. வயர்களின் இன்சுலேஷனைச் சோதிப்பதற்கு முன் அரெஸ்டரின் செருகிகளைக் கழற்றி வைத்தேன். கழற்றாவிட்டால், கருவி அனுப்பும் அழுத்தத்தையே இடி என்று நினைத்து அது திறந்துகொள்ளும், அளவு பொய்யாக வரும். முடிந்ததும் மறக்காமல் செருகி, அதன் சின்ன ஜன்னலில், நன்றாக இருக்கிறது என்பதற்கு அடையாளமான பச்சை தெரிகிறதா என்று பார்த்தேன். தெரிந்தது. இடியை வரவழைத்துச் சோதிக்க முடியாதே, கடைசியில் அளவு நாடாவை எடுத்தேன். அரெஸ்டரின் வயர் ஒரு மீட்டரைத் தாண்டியது.

சித்தப்பா பக்கத்தில்தான் நின்றிருந்தார். காலையிலிருந்தே நிலையத்து முதலாளியிடமும், ஏர்கோன் மாட்ட வந்தவர்களிடமும், பெயின்ட் அடிப்பவர்களிடமும் "டெஸ்ட் பண்ண வந்திருக்கிறது எங்கண்ணன் மகதான் லா" என்று சொல்லிச் சொல்லிப் பூரித்துக்கொண்டிருந்தார். எனக்கோ இருப்புக் கொள்ளவில்லை. சொந்தக்காரர் என்று விட்டுக்கொடுத்ததாக யாரும் நினைத்துவிடக் கூடாதே என்ற பயம். "சித்தப்பா, கொஞ்சம் இப்படி வாங்க" என்று ஓரமாகக் கூப்பிட்டிருக்கலாம். என்ன குறைந்துபோயிருக்கும்? நான் முதலாளியைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி, "இது பாஸ் ஆகாது. இடி வந்தா உங்க மிஷினெல்லாம் போயிடும். வயர் போட்டவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கணும்" என்றேன். வயர் போட்டவங்களாம்! தூக்கி வளர்த்த மனிதரை அப்படித்தான் குறிப்பிட்டேன்.

அவர் முகம் ஒரு கணம்தான் மாறியது. "அதுக்கென்னம்மா, வெட்டிட்டா போச்சு லா," என்று சிரித்தபடி கட்டரை எடுத்தார். அரெஸ்டரை எர்த் பட்டைக்குப் பக்கத்தில் நகர்த்தி, வயர்களைக் குட்டையாக வெட்டி, நேராக இழுத்து முடுக்கினார். மாலைக்குள் வேலை முடிந்தது. நான் மறுபடி அளந்து பாஸ் போட்டேன். நிலையமும் சொன்ன நாளில் திறந்தது.

ஊர் வாய் சும்மா இருக்குமா? "அண்ணன் மகளே ஃபெயில் பண்ணிட்டாளாமே" என்ற கேலி தஞ்சோங் காராங் சாப்பாட்டுக் கடைவரை போயிற்று. அவரும் சேர்ந்து சிரித்தாராம், சித்தி சொன்னார். அதற்குப் பிறகு காற்றாடி மாட்டுவது, விளக்கு மாற்றுவது என்று சின்ன வேலைகளோடு நிறுத்திக்கொண்டார். டிபி வேலைக்கு யார் கூப்பிட்டாலும் "கண்ணு சரியாத் தெரியல" என்றுவிடுவார். கண்ணெல்லாம் நன்றாகத்தான் தெரிந்தது. நான் சொன்னதில் என்ன தப்பு என்று எனக்கு நானே பலமுறை வாதாடிப் பார்த்துவிட்டேன். சொன்னது தப்பில்லை. ஒரு நோயாளி படுத்திருக்கும்போது அந்த மிஷின் கெட்டுப்போனால் என்ன ஆவது? சொல்லாமல் விட முடியாது. சொன்ன விதத்தை நினைத்தால்தான் இன்றும் கூனிக்குறுகிப் போகிறேன்.

இந்த வருடம் உலு யாமில் உள்ள என் வீட்டில், பெரிய இடிமழை ஒன்றுக்குப் பிறகு அரெஸ்டரின் ஜன்னல் சிவப்பாகிவிட்டது. தாங்கும் மட்டும் தாங்கிவிட்டது, இனி மாற்ற வேண்டும். நானே செய்துகொள்ளக்கூடிய வேலைதான். இருந்தும் சித்தப்பாவைக் கூப்பிட்டேன். அவர் மறுபடியும் ஒரு பெட்டியில் கை வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஓர் அசட்டு நம்பிக்கை. வந்தார். தேநீர் குடித்தார். பெட்டிக்கு முன்னால் போய் நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார்.

"நீங்களே மாத்திக் குடுங்க சித்தப்பா."

"வேணாம்மா. நான் போட்டா அப்புறம் நீ தொறந்து பாக்கணும்."

"நான் பாக்கவே மாட்டேன்."

"பாக்காம விட்டா அது வேலையாம்மா? அன்னிக்கு நீ சரியாத்தான் சொன்ன."

அவர் குத்திக்காட்டவில்லை, மனதாரத்தான் சொன்னார். என்னால் அதைத்தான் தாங்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் மேசைமேல் இருந்த டார்ச்சை எடுத்துக்கொண்டு எனக்குப் பின்னால் வந்து நின்றார்.

"மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணு. நான் லைட்டு புடிக்கிறேன்," என்றார்.