பஸ்ஸில் அவிழ்க்கச் சொன்ன இருமுடி

இலங்கையில் யுத்தம் முடிவதற்கு முந்திய வருடம், மார்கழி மாதம். கரவனெல்லைக்குப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் நானும் கணவரும் பால் வெட்டிக்கொண்டிருந்தோம். கணவர் ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தார். கறுப்பு வேட்டி, தாடி, வெறுங்கால். சபரிமலை போக எங்களுக்கு வசதியில்லை. கொழும்புப் பக்கத்து ஐயப்பன் கோயிலிலேயே நெய் அபிஷேகம் செய்வதாக நேர்ந்திருந்தோம்.

அந்தச் சமயத்தில்தான் தூரத்து டவுன் ஒன்றில், பஸ் ஸ்டாண்டில் நின்ற சனங்களை யாரோ ஒருவன் சுட்டுவிட்டு ஓடிவிட்டான். நிறையப் பேர் செத்துப்போனார்கள். சுட்டவன் அகப்படாததால் கதைகள் முளைத்தன. இன்டர்நெட்டில் யாரோ சிங்களத்தில் எழுதியதை அச்சடித்துக் கடைவீதியில் கைமாற்றினார்கள். கறுப்பு உடுத்திய கூட்டமொன்று விரதமிருந்து சத்தியம் செய்துவிட்டுத்தான் சுடுகிறதாம். தலையில் சுமக்கும் மூட்டைக்குள் துவக்கும் குண்டும் போகிறதாம். கீழே, எந்த ஊரென்று தெரியாத ஐயப்ப சாமிமார் படம்.

"வெள்ளச் சட்டையப் போட்டுக்கிட்டுப் போங்க சாமி. ஐயப்பன் என்னா, ஒங்ககிட்ட கோவிச்சுக்கவா போறாரு?" என்றார் பக்கத்து வீட்டு அண்ணன். மாலை போட்டவரை மனைவியும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். "பயமா இருக்குங்க சாமி" என்று நானும் கெஞ்சினேன்.

"பயந்தா மாலையே போட்டிருக்கக் கூடாது" என்று முடித்துவிட்டார்.

காலையில் தோட்டத்துக் கோயிலில் இருமுடி கட்டி, பஸ் ஏறினோம். இருமுடியை மடியில் வைத்துக்கொண்டார். அவிசாவளை தாண்டியதும் பின்னால் இருந்த வாலிபன் ஒருவன் அந்தத் தாளை எடுத்தான். படத்தைப் பார்த்தான், கணவரைப் பார்த்தான். எழுந்து வந்து மூட்டையை அமுக்கினான். உள்ளே இருந்த தேங்காய் கையில் பட்டதும், உருண்டையாக என்னமோ இருக்கிறது என்று சிங்களத்தில் கத்தினான். பஸ் நின்றது.

அபிஷேகத்துக்கு நெய் நிரப்பிய தேங்காய் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன்.

"தேங்காய்க்குள்ள நெய்யா? யாருக்குக் கதை விடுற? அவிழ்த்துக் காட்டு."

சந்நிதிக்குப் போகுமுன் அவிழ்த்தால் இருந்த விரதமெல்லாம் வீண். கணவர் இருமுடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். இன்னொருவன் அவர் கழுத்து மாலையைப் பிடித்து இழுத்தான். அடித்தே கொன்றுவிடுவார்களென்று நினைத்தேன்.

அப்போது முன் சீட்டிலிருந்து, வெள்ளைச் சேலை கட்டிய சிங்கள அம்மா ஒருவர் எழுந்து வந்தார். தாளை வாங்கி நின்றபடியே முழுவதும் படித்தார்.

"அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல செத்ததுல என் மல்லியும் ஒருத்தன்" என்றார். மல்லி என்றால் தம்பி. "காயப்பட்டவங்களை ஆஸ்பத்திரியில தேடித் தேடிக் கேட்டேன். சுட்டவனை ஒருத்தரும் சரியாப் பார்க்கல. கறுப்பு உடுப்புன்னு இதை எழுதினவனுக்கு யார் சொன்னது?"

மாலையைப் பிடித்திருந்த கை தானாக விலகியது. என்னை எழுப்பிவிட்டு, அந்த அம்மா கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இது வெடிச்சா நானும் சாகுறேன். பஸ்ஸை எடுங்க" என்றார் கண்டக்டரிடம்.

இரண்டொருவர் இறங்கிப் போனார்கள். பஸ் நகர்ந்தது. வழியெல்லாம் அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். தான் இறங்கும் இடம் வந்ததும், இருமுடியைத் தொடலாமா என்று கணவரிடம் கேட்டார். தொட்டுக் கும்பிட்டு, தம்பியின் பெயரைச் சொல்லிவிட்டு இறங்கினார். அன்று அபிஷேகத்தின்போது கணவர் முதலில் சொன்னது அந்தப் பெயரைத்தான்.

சுட்டது யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வருடா வருடம் மார்கழியில் அந்தத் தம்பிக்காக ஒரு நெய்விளக்கு ஏற்றுகிறோம். அவர் பெயரை இங்கே நான் எழுதவில்லை. அவருடைய சாவைப் பற்றி, அவரை அறியாதவர்கள் எழுதியது போதும் என்று தோன்றுகிறது.