நகை இல்லை என்றார், நானும் டிக் போட்டேன்

கண்டியில், இதயத்துக்குள் குழாய் விட்டு வைத்தியம் செய்யும் ஒரு கேத் லேபில் எக்ஸ்ரே கமரா ஓட்டியவன் நான். வேலையிலிருந்து ஓய்ந்துவிட்டேன், வாய் ஓயவில்லை. புதிதாக வரும் ரேடியோகிராபர்கள் இதைப் படியுங்கள். இல்லாவிட்டால் என் மடத்தனத்தையே நீங்களும் செய்வீர்கள்.

மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்திலிருந்து லெட்சுமி வந்தார். வயது நாற்பத்தொன்று, கொழுந்து பறிப்பவர். இதயத்தின் மேலறைச் சுவரில் பிறவி ஓட்டை. அது தெரியாமலே மூன்று பிள்ளை பெற்று, மூச்சிரைக்க மலை ஏறியிருக்கிறார். தொடை இரத்தக்குழாய் வழியாகக் கேபிள் விட்டு, குடை மாதிரி விரியும் டிவைசால் ஓட்டையை அடைக்க வேண்டும்.

"நெஞ்ச வெட்டுனா கூடை தூக்க முடியாது சார். வெட்டுற மாதிரின்னா இப்பவே சொல்லிருங்க, பஸ் ஏறிர்றேன்."

"வெட்ட மாட்டாங்க. நகை ஏதும் போட்டிருக்கீங்களா?"

"ஒண்ணுமில்ல சார்."

கேள்விப் பாரத்தில் 'நகை இல்லை' என்று டிக் போட்டேன். மடையன்.

டிவைஸ் ஓட்டையில் நன்றாக உட்கார்ந்தது. கேபிளைக் கழற்றுமுன், டிவைஸ் இறுக்கமாகப் பிடித்திருக்கிறதா என்று இழுத்துப் பார்ப்பது வழக்கம். அதற்காகக் கமராவைச் சாய்த்தேன். திரையில் டிவைசுக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு துண்டு!

யாழ்ப்பாணத்து டொக்டரின் கை நின்றது. "என்ன இது? டிவைஸ் உடைஞ்சிட்டுதோ? சேர்ஜனுக்குக் கோல் எடுங்கோ, நெஞ்சைத் திறக்க வேண்டி வரும்."

மரத்துப்போக ஊசி போட்டது தொடைக்கு, காதுக்கு இல்லை. "வெட்டப்போறீங்களா?" என்று லெட்சுமி அலறினார்.

"அசையாதையுங்கோ அம்மா!"

நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. டிவைஸ் இதயத்தோடு சேர்ந்து குதித்தது. அந்தத் துண்டு சும்மா கிடந்தது.

"கோல் வேணாம் டொக்டர். துடிக்காத சாமான் இதயத்துக்குள்ள இல்ல. அக்கா, முதுகுல என்ன வச்சிருக்கீங்க?"



"முனியாண்டி தாயத்து சார். வார்டுல கழுத்துலருந்து அவுக்கச் சொன்னாங்க. கவுனோட முதுகு நாடாவுல முடிஞ்சிக்கிட்டேன்."

"நகை இல்லன்னீங்களே!"

"சாமியப் போயி நகைங்கிறீங்களே சார்!"

ஈயக் கவசத்தோடு பக்கவாட்டில் குனிந்து, துணிக்கடியில் கையை விட்டு நாடாவை வெட்டினேன். "கீழ வச்சிராதீங்க, காச்சட்டைப் பையிலயும் போடாதீங்க" என்று லெட்சுமியின் அதிகாரம் வேறு. சாமியை மேல்சட்டைப் பைக்குள் வைத்தேன். டொக்டர் இழுத்துப் பார்த்தார். டிவைஸ் அசையவில்லை. கழற்றினார்.

"முனியாண்டி வந்து கையெழுத்துப் போட்டிட்டார்" என்றார் டொக்டர். லெட்சுமி மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு அது உண்மை.

மறுநாள் தொடையில் ஒரு பிளாஸ்டரோடும் கழுத்தில் தாயத்தோடும் பஸ் ஏறினார். நெஞ்சில் கீறல் இல்லை.

அதன்பிறகு நான் நகை உண்டா என்று கேட்டு அதோடு விட்டதே இல்லை. தாயத்து, கயிறு, காப்பு, சட்டை ஊசி என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். நாடா முடிச்சையும் நேர்ஸை அவிழ்த்துப் பார்க்கச் சொன்னேன். பாரம் எழுதியவனுக்கு மடுல்கெல்ல தெரியாது. உங்களுக்குத் தெரியும். டிக் போடுமுன் வாயைத் திறந்து கேளுங்கள்.