உப்புக்கு வந்த விலை

சென்னைக் கடையொன்றில் கண்ணாடி பாட்டிலில் உப்பு வாங்கி வந்தேன். ‘அலைகளின் மௌனத்தில் விளைந்தது’ என்று அட்டையில் எழுதியிருந்தது. எழுதியவன் கடலைக் கண்டிருக்க மாட்டான். தினமும் கடலைப் பார்க்கிற நான் அதை நம்பிக் காசு கொடுத்தேன். பொருளாதாரம் படித்ததன் பலன்.

மனைவி அட்டையைத் திருப்பினாள். விளைந்த இடம் எங்கள் தூத்துக்குடி.

"எங்கண்ணன் உப்பளத்துலேர்ந்து சும்மா கொண்டாந்து போடுதான். நீங்க பட்டணம் போயி வாங்கிட்டு வாரீய. இத வேற யாராவது வாங்குவாவளா?"

வாங்குவார்கள் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். தெருமுனைக் கடைக்குப் போய், பாதி விலைக்காவது விற்றுத் தாருங்கள் என்று கெஞ்சினேன்.

"உப்புக்கு இடம் வெளியிலல்லா, அண்ணாச்சி? அங்கன வையுங்க" என்றார் கடைக்காரர்.

கடை பூட்டும்போது தீப்பெட்டிகூட உள்ளே போய்விடும். உப்பு மூட்டை மட்டும் வாசலிலேயே கிடக்கும். எங்கள் ஊரில் அதை எவனும் திருட மாட்டான். அந்த மூட்டையின் மேல் பாட்டிலை வைத்தேன்.

மறுநாள் காலையில் பாட்டிலைக் காணோம். உள்ளே இருந்த உப்பு மட்டும் மூட்டைமேல் குவியலாகக் கிடந்தது.

"வெவரமான பய, அண்ணாச்சி. மூடி நல்லா இறுக்கமா இருந்துச்சுல்லா" என்றார் கடைக்காரர்.

"வித்துச்சா?" என்றாள் மனைவி, நான் செருப்பைக் கழற்றுமுன்.

"வச்ச அன்னைக்கே ஒருத்தன் கொண்டு போயிட்டான்" என்றேன்.