தோட்டம் என்று எழுதியவள்

அலுவலகத்தில் அவளுக்கு அகராதி என்று பெயர். மாமியாரும் அப்படித்தான் கூப்பிடுவார். 'பிடிச்சவ' என்று ஒரு வாலும் சேர்ப்பார். பிழைக்க வந்த அந்த வெளிநாட்டில், ஒப்பந்தங்களை ஊர் மொழியிலிருந்து தமிழாக்குவது அவள் வேலை. ஒரு சொல் பிசகினால் யார் தலையில் விடியுமோ என்ற கவலை அதோடு இலவசம்.

பயந்தது நடந்தது. அவள் தமிழாக்கிய வாடகை ஒப்பந்தத்தோடு தையற்காரர் ஒருவர் வந்து நின்றார்.

"அம்மா, பின்னால இருக்கிற தோட்டம் எனக்குத்தான்னு நீங்கதானே எழுதினீங்க? செடியே இல்ல, அது தோட்டமே இல்ல, நான் அங்க வளர்க்கிற புறாவ காலி பண்ணுங்கறார் வீட்டுக்காரர். பழைய சாமான் போடணுமாம்."

அவள் போய்ப் பார்த்தாள். நான்கு பக்கமும் ஆளுயரச் சுவர், கீழே சிமெண்ட். மருந்துக்கும் ஒரு புல் இல்லை. நூல்பெட்டிகளை அடுக்கிக் கட்டிய கூட்டில் புறாக்கள் குனுகிக்கொண்டிருந்தன. மனைவி போன பிறகு அந்த வீட்டில் அவரோடு பேச அவை மட்டும்தான்.

அன்று மாலை அடுப்பில் வைத்ததை மறந்து புத்தகங்களில் விழுந்தாள். தோட்டத்துக்கான ஊர் மொழிச் சொல் பிறந்தபோது அதில் செடி இல்லை. வேலிபோட்டு அடைத்த இடம் என்பதுதான் பொருள். பூவும் காயும் பிறகு குடிவந்தவை. அப்படியானால் சுவர் இருந்தாலே போதுமே! வந்த குஷியில் தமிழ்ச் சொல்லையும் தோண்டினாள். பழந்தமிழில் 'தொடு' என்றால் தோண்டு. தோட்டம் அதிலிருந்து வந்திருக்கலாம் என்பது ஒரு கட்சி, உறுதியில்லை என்பது மறுகட்சி. அடைத்தவன் ஒரு பெயர் வைத்தான், கொத்தியவன் ஒரு பெயர் வைத்தானோ? யோசிக்க யோசிக்க இனித்தது. தையற்காரர் முகம் நினைவுக்கு வந்ததும் புத்தகத்தை மூடினாள்.

மறுநாள் அந்தச் சிமெண்ட் தரையில் நின்று, தையற்காரரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வீட்டுக்காரரிடம் வேலிக் கதையைச் சொன்னாள்.

"அது அவங்க பாஷை. நான் கையெழுத்துப் போட்டது தமிழ்ல. தமிழ்ல தோட்டம்னா என்ன?"

மழுப்பிவிடலாம். மனசு வரவில்லை.

"தோண்டுறதுல இருந்து வந்திருக்கலாம்னு சிலர் சொல்றாங்க சார். நிச்சயமா தெரியாது."

"பாத்தீங்களா டெய்லரே! எங்க தோண்டினீங்க?"

தையற்காரர் கீழே பார்த்தார். காலால் தரையைத் தட்டினார்.

"தோண்டினா தோட்டமா சார்? அப்ப கடப்பாரைய எடுத்துட்டு வரேன். சிமெண்ட் போட்டது நீங்கதானே, எங்க ஆரம்பிக்கலாம்?"

"யோவ், அடியில பைப் போகுதுய்யா!"

"பைப்புக்கு வலிக்காம தோண்டுறேன்."

அவளுக்குச் சிரிப்பு முட்டியது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வீட்டுக்காரர் சிமெண்டைப் பார்த்தார், கூட்டைப் பார்த்தார், அவளை முறைத்தார்.

"சரிய்யா, புறா இருக்கட்டும். அந்தத் தமிழ் அர்த்தம் மட்டும் வேணாம். இவங்க சொன்னாங்களே சுவரு, வேலின்னு, அதையே வச்சுக்கலாம்."