அம்மா முதலில் சாப்பிட்ட வருஷம்

டாக்டர் கட்டைவிரலால் என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். "வெளுத்துப்போயிருக்கே. வேளைக்குச் சாப்பிடுறீங்களா?" என்றார்.

அந்த விரலின் குளிர்ச்சியில் ஒரத்தநாட்டுப் பக்கத்து எங்கள் வீடு நினைவுக்கு வந்தது. ஆற்றில் தண்ணீர் வராத வருஷம் அது. நடவு வேலை இல்லை. ரேஷன் அரிசியும் வாய்க்கால் கரையில் பறித்த கீரையும்தான் சாப்பாடு. வீட்டுக்கு வந்த நர்ஸம்மா அம்மாவின் இமையை இப்படித்தான் இழுத்தார்.

"ஒடம்புல ரத்தமே இல்லையேம்மா. கீரை, முட்டையெல்லாம் சாப்பிடுறியா இல்லியா?"

அம்மா சிரித்து மழுப்பினாள். அப்பாவுக்கும் எனக்கும் போட்டபின் பானையில் ஒட்டியிருப்பதை வழித்துச் சாப்பிடுகிறவள் அவள்.

அன்று மாலை அப்பா அவளை உட்காரவைத்துத் தானே பரிமாறினார். சோறு, முருங்கைக்கீரை, எங்கள் கோழி இட்ட ஒற்றை முட்டை.

"என்னங்க, புள்ள பசியோட இருக்கா."

"இனிமே நீ மொதல்ல சாப்பிடு. மிச்சத்தை நாங்க பாத்துக்குறோம்."

அம்மா முட்டையைப் பிட்டு என்னிடம் நீட்டினாள். நாக்கில் எச்சில் ஊறியது. வேண்டாம் என்று தலையாட்டினேன். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க, அவள் தனியாக, அழுதுகொண்டே மென்றாள். மறுநாளும் அப்படித்தான். அறுவடை இல்லாத அந்தத் தை மாதத்தில் அவள் முகம் மெல்லத் தெளிந்தது.

"வீட்ல யார் இருக்காங்க?" டாக்டர் கேட்டார்.

இருவரும் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. "நான் மட்டும்தான்," என்றேன்.

வழியில் கீரை வாங்கி வந்து சமைத்தேன். தட்டின் முன்னால் உட்கார்ந்த பிறகும், சாப்பிடு என்று யாராவது சொல்லட்டும் என்று காத்திருந்தேன். சோறு ஆறிப்போனது.